பாதி வேலை, பாதி சுற்றுலா: எந்தப் பாலிசி எடுப்பது?

கேள்வி: ஐயா, வணக்கம். கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் கேஸ்கட், ஆயில் சீல் செய்யும் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். வயது 54. வரும் ஏப்ரலில் ஜெர்மனியின் ஹனோவர் தொழிற்கண்காட்சியில் நண்பர்கள் இருவருடன் சேர்ந்து ஒரு ஸ்டால் எடுத்திருக்கிறோம். அது முடிந்ததும் ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு வாடிக்கையாளரின் தொழிற்சாலையில் இரண்டு நாள் வேலை. எங்கள் மோல்டை (ரப்பரை வார்க்கும் இரும்பு அச்சு) அவர்கள் மெஷினில் மாட்டி ஓட்டிக் காட்ட வேண்டும். இந்த முறை என் மனைவியும் (வயது 50) கூட வருகிறார். கல்யாணமாகி 26 வருடத்தில் கொடைக்கானல், திருப்பதி தவிர அவரை நான் எங்கும் கூட்டிப் போனதில்லை. அதனால் வேலை முடிந்து சுவிட்சர்லாந்தில் மூன்று நாள், பாரிஸில் இரண்டு நாள், லண்டனில் என் தங்கை மகன் வீட்டில் இரண்டு நாள். மொத்தம் 16 நாள். அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் ஊர் திரும்பிவிட வேண்டும். எனக்கு ஆறு வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. டிராவல் ஏஜென்ட் ‘ஷெங்கன் பாலிசி’ என்று ஒன்று போட்டுத் தருகிறேன் என்கிறார். விசாவுக்கு அது போதும், சர்க்கரையை எழுதினால் வீண் தொல்லை என்றும் சொல்கிறார். பிசினஸ் பாலிசி எடுப்பதா, டூரிஸ்ட் பாலிசி எடுப்பதா? இருவருக்கும் ஒன்றே போதுமா? 18 கிலோ சாம்பிள் பெட்டி கொண்டு போகிறேன். அதற்கும் இதில் பாதுகாப்பு கிடைக்குமா?

பதில்: ஐயா, வணக்கம். 26 வருடம் கழித்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. அந்தப் பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பிசினஸா, டூரிஸ்டா என்ற கேள்விக்குப் பதில் சின்னது. நம் ஊரில் தனிநபருக்கு விற்கும் வெளிநாட்டுப் பயண பாலிசிகளில் பெரும்பாலானவை இரண்டையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கின்றன. படிவத்தில் பயண நோக்கம் கேட்டால் உள்ளதை உள்ளபடி, ‘கண்காட்சி, வாடிக்கையாளர் சந்திப்பு, சுற்றுலா’ என்று எழுதிவிடுங்கள். அட்டையில் அச்சடித்திருக்கும் பெயரைப் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டாம். உள்ளே ‘எதற்கெல்லாம் பணம் கிடையாது’ என்று பொடி எழுத்தில் நாலைந்து பக்கம் இருக்கும். உங்களைப் போல ஒரே பயணத்தில் பாதி நாள் வியாபாரியாகவும் பாதி நாள் சுற்றுலாப் பயணியாகவும் இருப்பவர்கள் அகப்பட்டுக்கொள்வது அந்தப் பக்கங்களில்தான்.

ஆனால் அதற்கும் முன்னால் சர்க்கரை விஷயத்தைப் பேசிவிட வேண்டும். உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அந்த வரிதான்.

பல வருடங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒருவர், மேலூர் பக்கத்துக்காரர், வியாபார விஷயமாக வெளிநாடு போனார். பிரஷர் மாத்திரை சாப்பிடுவதைப் படிவத்தில் எழுத வேண்டாம் என்று யாரோ சொல்ல, எழுதாமல் விட்டுவிட்டார். போன இடத்தில் நெஞ்சு வலி வந்து விழுந்தார். அவசர சிகிச்சைப் பிரிவில் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, ‘என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?’ சட்டைப் பையில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தார். கொடுக்கத்தானே வேண்டும், உயிர் சமாச்சாரம். எத்தனை வருடமாக என்று கேட்டார்கள், அதையும் சொன்னார். எல்லாம் கேஸ் ஷீட்டில் ஏறியது. காப்பீட்டு நிறுவனம் கேட்டு வாங்கிய முதல் காகிதமும் அந்தக் கேஸ் ஷீட்தான். கிளைம் மறுக்கப்பட்டது. ஊரில் மகன் நகைகளை அடகு வைத்துப் பணம் அனுப்பினார். அந்தக் கோப்பைத் தூக்கிக்கொண்டு நான்தான் அலைந்தேன். அவர் பக்கம் வாதாட ஒரு வரிகூட எனக்குக் கிடைக்கவில்லை. கையெழுத்து அவருடையது, ‘நோய் ஏதும் இல்லை’ என்ற இடத்தில் போட்ட டிக்கும் அவருடையது.

உங்கள் ஏஜென்ட் சொல்லும் ‘வீண் தொல்லை’ என்ன? ஒரு டாக்டர் கடிதம் கேட்பார்கள். சமீபத்திய ரத்தப் பரிசோதனை அறிக்கை கேட்கலாம். பிரீமியம் கொஞ்சம் ஏறும். ஏதாவது ஒரு நிறுவனம் முடியாது என்று சொன்னால் இன்னொன்றிடம் போகலாம். இதெல்லாம் இங்கே, மதுரையில், நல்ல உடம்போடு, உங்கள் டாக்டர் பக்கத்தில் இருக்கும்போது படுகிற தொல்லை. கடல் கடந்து போய்ப் படுக்கையில் கிடக்கும்போது படுவதைவிட இது எவ்வளவோ மேல்.

எழுதிக் கொடுத்துவிட்டாலும் முழுப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். பல பாலிசிகளில் ஏற்கனவே இருக்கும் நோய்க்கு இரண்டு வேலிகள் போட்டிருப்பார்கள். ஒன்று, உயிருக்கு ஆபத்தான அவசர நிலைக்கு மட்டும்தான் பணம். சர்க்கரை ஏறிவிட்டது, டாக்டரைப் பார்த்து மாத்திரையை மாற்றினேன் என்றால் கிடைக்காது. இரண்டு, அந்த அவசரத்துக்கும் தனி வரம்பு. மேலே 1 லட்சம் டாலர் என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், பழைய நோயால் வந்தது என்றால் அதில் சிறிய பங்குதான். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது: ‘சர்க்கரை, பிரஷர் இரண்டையும் எழுதியிருக்கிறேன். இவற்றால் மாரடைப்போ பக்கவாதமோ வந்தால் உங்கள் பாலிசி அதிகபட்சம் எத்தனை டாலர் கொடுக்கும்?’ இதை வாய்மொழியாகக் கேட்க வேண்டாம், மின்னஞ்சலில் கேளுங்கள். வருகிற பதிலை வைத்துத்தான் இரண்டு நிறுவனங்களை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். பிரீமியத்தில் இருநூறு முந்நூறு ரூபாய் குறைகிறதா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

மொத்தத் தொகை எவ்வளவு? ஷெங்கன் விசாவுக்கு (ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரும் ஏற்பாடு) குறைந்தபட்சம் 30,000 யூரோ மருத்துவப் பாதுகாப்பு வேண்டும். அவசர சிகிச்சை, மருத்துவமனைச் செலவு, நோயாளியை நாடு திரும்ப அனுப்புவது, இறந்துவிட்டால் உடலை அனுப்புவது ஆகியவை அதில் அடங்க வேண்டும், ஷெங்கன் நாடுகள் அனைத்திலும் செல்ல வேண்டும். இது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு விசா விதித்தொகுப்பில் இருக்கும் நிபந்தனை. அந்தத் தொகை விசா கொடுப்பவர்கள் கேட்கும் குறைந்தபட்சம், அவ்வளவுதான். தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாள், அதோடு ஒரு இதய சிகிச்சை என்றால் அந்த 30,000 கரைந்துவிடும். படுக்கையோடு தனி விமானத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தால் அந்த ஒரு செலவே அதைத் தாண்டிவிடும். உங்கள் வயதுக்கும் உடம்புக்கும் 1 லட்சம் டாலருக்குக் கீழே போக வேண்டாம், முடிந்தால் இரண்டரை லட்சம் எடுங்கள். டிடக்டிபிள் எவ்வளவு என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிளைமிலும் முதலில் உங்கள் கையிலிருந்து போகும் தொகை அது. மருத்துவச் செலவுக்கு 100 டாலர் என்பது பரவலாக இருப்பது.

வீட்டில் இருக்கும் மெடிக்ளைம் பாலிசியை நம்பிப் போக வேண்டாம். பெரும்பாலானவை இந்தியாவுக்குள் மட்டும்தான். கிரெடிட் கார்டோடு வரும் இலவசப் பாதுகாப்பையும் நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

சரி, இப்போது உங்கள் 16 நாளையும் வரிசையாக நடந்து பார்ப்போம். பாலிசி வாங்க வருகிற எல்லோரிடமும் நான் இதைத்தான் செய்யச் சொல்வேன். ஒரு வெள்ளைத் தாளில் நாள்வாரியாக எங்கே இருப்பீர்கள், என்ன செய்வீர்கள் என்று எழுதி, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாலிசியைப் படிக்க வேண்டும்.

முதல் ஓட்டை மதுரை விமான நிலையத்திலேயே இருக்கிறது. மதுரை–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–துபாய்–ஜெர்மனி இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்திருந்தால், மதுரை விமானம் தாமதமாகி சென்னையில் அடுத்ததைத் தவறவிட்டால், இரண்டாவது விமான நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. வெளிநாட்டுப் பயண பாலிசிகளில் பலவும் நீங்கள் இந்தியாவை விட்டுக் கிளம்பும்போதுதான் உயிர் பெறும், உள்நாட்டுப் பகுதிக்குப் பேசாது. முடிந்தால் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். ஏற்கனவே பிரித்து எடுத்துவிட்டீர்கள் என்றால், முதல் நாள் இரவே பாண்டியனில் ஏறிவிடுங்கள். காலையில் எழும்பூரில் இறங்கி, குளித்துச் சாப்பிட்டு, நிதானமாக விமான நிலையம் போகலாம்.

இரண்டாவது, ‘ஷெங்கன் பாலிசி’ என்ற பெயர். ஷெங்கன் என்பது இப்போது 29 நாடுகள். ஜெர்மனி, பிரான்ஸ் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் சுவிட்சர்லாந்தும் உண்டு. லண்டன் இல்லை. துபாயும் இல்லை. ஷெங்கனுக்கு மட்டும் செல்லும் பாலிசியோடு போனால், தங்கை மகன் வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்தால் உங்கள் கையில் வெறும் காகிதம்தான் இருக்கும். அதனால் ‘அமெரிக்கா, கனடா நீங்கலாக உலகம் முழுவதும்’ என்று வரும் வகையை எடுங்கள். அது ஷெங்கன் விசா நிபந்தனையையும் நிறைவேற்றுகிறது என்று சான்றிதழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். (பிரிட்டனுக்குத் தனி விசா வேண்டும் என்பது தெரிந்திருக்கும். இல்லையென்றால் இன்றே ஆரம்பியுங்கள்.)

அடுத்து ஹனோவர். ஸ்டாலில் நிற்கும்போது நீங்கள் வைத்திருக்கும் இரும்புத் தட்டு சரிந்து ஒருவர் காலில் விழுகிறது என்று வையுங்கள். பாலிசியில் ‘தனிநபர் பொறுப்பு’ என்று ஒரு தலைப்பும் அதற்கு எதிரே பெரிய தொகையும் இருக்கும். அது நீங்கள் சுற்றுலாப் பயணியாக இருக்கும்போது பிறருக்கு உண்டாக்கும் சேதத்துக்கு. தொழில், வியாபாரம் சம்பந்தப்பட்ட பொறுப்பை அதே பத்தியில் விலக்கியிருப்பார்கள். ஆகவே ஸ்டால் எடுத்த ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ஸ்டாலுக்கான பொறுப்புக் காப்பீடு வாடகையில் சேர்ந்ததா, தனியாக வாங்க வேண்டுமா என்று கண்காட்சி அமைப்பாளரிடம் கேளுங்கள். மூன்று பேர் சேர்ந்து எடுத்திருப்பதால் அது யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். உங்கள் ஆயில் சீல் பழுதாகி, அதை வாங்கியவர்களின் மெஷின் கெட்டால் வரும் பொறுப்பு இன்னொரு கதை. அதற்குப் பட்டறையின் பெயரில் பிராடக்ட் லயபிலிட்டி பாலிசி எடுக்க வேண்டும். ஏற்றுமதி பெருகினால் அதைப் பற்றித் தனியாக எழுதுங்கள், விரிவாகச் சொல்கிறேன்.

கண்காட்சியே நடக்காமல் போனால்? ஹனோவரிலேயே நடந்திருக்கிறது. 2020-ல் கொரோனா வந்தபோது ஏப்ரல் கண்காட்சியை முதலில் ஜூலைக்குத் தள்ளினார்கள், அப்புறம் அந்த வருடம் நடக்கவே இல்லை. பயணம் ரத்து என்ற பிரிவில் பணம் கிடைப்பது பாலிசியில் எழுதியிருக்கும் காரணங்களுக்கு மட்டும்தான். உங்களுக்கோ மிக நெருங்கிய உறவுக்கோ மரணம், கடுமையான நோய் போன்றவை அந்தப் பட்டியலில் இருக்கும். கண்காட்சி ரத்து, வாடிக்கையாளர் சந்திப்பைத் தள்ளி வைத்தது, விசா மறுப்பு ஆகியவை பொதுவாக இருக்காது. அதனால் ஸ்டால் வாடகையைத் திருப்பித் தரும் விதிகள் ஒப்பந்தத்தில் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள், ஹோட்டலை ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில் பதிவு செய்யுங்கள். அந்தப் பணத்தைப் பாலிசி காப்பாற்றித் தராது.

ஸ்டுட்கார்ட் இரண்டு நாள்தான் எனக்கு இருப்பதிலேயே பெரிய கவலை. நீங்கள் அதை ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். மோல்டை மெஷினில் மாட்டி ஓட்டிக் காட்டுவது என்றால் என்ன என்று கப்பலூரில் இருக்கும் யாருக்கும் தெரியும். கனமான இரும்பு, சூடான பிளேட், ஹைட்ராலிக் பிரஸ். பயண பாலிசிகள் பலவற்றில் கைவேலை, இயந்திர வேலை, ஆபத்தான தொழில் செய்யும்போது நடக்கும் விபத்துக்குப் பணம் இல்லை என்று ஒரு விலக்கு இருக்கும். மீட்டிங்கில் உட்கார்ந்து பேசுகிற வியாபாரியை மனதில் வைத்துப் போட்ட பிரீமியம் அது. பிரஸ்ஸில் விரல் நசுங்கி மருத்துவமனைக்குப் போனால், எங்கே, எப்படி நசுங்கியது என்று கேட்பார்கள். ஆகவே காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதுங்கள்: ‘இரண்டு நாள் வாடிக்கையாளர் தொழிற்சாலையில் மோல்டு பொருத்தி, டிரையல் ஓட்டுவேன். அந்த நேரத்தில் காயம்பட்டால் பாதுகாப்பு உண்டா?’ உண்டு என்றால் அந்த மின்னஞ்சலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லை என்றால் வேறு நிறுவனம் பாருங்கள். அதுவும் கிடைக்கவில்லை என்றால், மோல்டை மாட்டுவதும் மெஷினை இயக்குவதும் அவர்கள் ஆட்களாக இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுங்கள். கைவேலைக்கு உங்கள் விசா இடம் கொடுக்கிறதா என்பதையும் உங்களை அழைத்திருக்கும் நிறுவனத்திடம் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.

பெட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். 18 கிலோ சாம்பிளுக்குப் பயண பாலிசியில் பாதுகாப்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். லக்கேஜ் பிரிவு சொந்த உபயோகப் பொருளுக்கு. வியாபாரச் சரக்கு, சாம்பிள், ரொக்கப் பணம் ஆகியவற்றை விலக்கியிருப்பார்கள். லேப்டாப், செல்போனும் பல பாலிசிகளில் அப்படியே. சாம்பிளின் மதிப்பு பெரிது என்றால் அதற்கு மரைன் கார்கோ பாலிசி எடுக்கலாம். பெயர்தான் கடல் சரக்கு, விமானத்தில் போவதற்கும் அது செல்லும். மதிப்பு சிறிதாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஆனால் சாம்பிள் பெட்டியில் சட்டை துணிமணியையும், துணிப் பெட்டியில் ஒரு செட் சாம்பிளையும் மாற்றிப் போட்டு வையுங்கள். ஒரு பெட்டி வராமல் போனாலும் கண்காட்சியில் முதல் நாள் வெறுங்கையோடு நிற்க மாட்டீர்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. காப்பீட்டில் சேராது என்றாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஜெர்மனியிலிருந்து சுவிட்சர்லாந்துக்குப் போகும்போது விசா எல்லை இல்லை, ஆனால் சுங்க எல்லை உண்டு. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருப்பதால் வியாபார சாம்பிளோடு உள்ளே போனால் அறிவிக்க வேண்டும். பிரிட்டனுக்கும் அப்படித்தான். மனைவியோடு மலை பார்க்கப் போகிற இடத்தில் எதற்கு அந்தப் பெட்டி? ஸ்டுட்கார்ட் வாடிக்கையாளரிடமே ஒப்படைத்துவிட முடியுமா, அல்லது அங்கிருந்தே கூரியரில் திருப்பி அனுப்ப முடியுமா என்று பாருங்கள். ஜெர்மனிக்குள் கொண்டு போய்த் திருப்பிக் கொண்டுவருவதற்கு ஏடிஏ கார்னெட் என்ற சுங்க ஆவணம் உண்டு. இந்தியாவில் அதை ஃபிக்கி என்ற தொழில் வர்த்தகக் கூட்டமைப்பு தருகிறது. சாம்பிளுக்கு இறக்குமதி வரி கட்டாமல் போய்வர அது உதவும். உங்கள் ஏற்றுமதி ஏஜென்டிடம் கேளுங்கள்.

லக்கேஜ் தொலைந்தால், வராமல் இருந்தால், விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே விமான நிறுவனக் கவுண்டரில் புகார் பதிந்து, அந்தச் சீட்டை வாங்குங்கள். அது இல்லாமல் பாலிசியும் பேசாது, விமான நிறுவனமும் பேசாது. சர்வதேச விமானப் பயணங்களுக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி லக்கேஜுக்கு விமான நிறுவனத்தின் பொறுப்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரை. அது சுமார் 2,000 டாலர். பெட்டி சேதமானால் 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுத்துவிட வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் மலை ரயிலில் யுங்ஃபிராவ்யோக் போவீர்கள் என்று நினைக்கிறேன், போகாமல் யார் வருகிறார்கள்? அந்த ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானலைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். ரயிலில் போவது சாகச விளையாட்டு இல்லை, பாலிசியில் பிரச்னை இல்லை. ஆனால் உங்கள் பிரஷருக்கு அந்த உயரம் ஒத்துக்கொள்ளுமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். இன்டர்லாக்கனில் பாராகிளைடிங் பார்த்ததும் பலருக்கும் ஆசை வரும். அதில் ஏறுவதாக இருந்தால் சாகச விளையாட்டுக்கான கூடுதல் பாதுகாப்பு பாலிசியில் இருக்க வேண்டும், இல்லாமல் ஏற வேண்டாம். மலையில் காயம்பட்டு ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு வந்தால் அதற்கும் அங்கே பில் வரும். மீட்புச் செலவு உங்கள் பாலிசியில் அடங்குமா என்று பாருங்கள்.

பாரிஸ், லண்டனைப் பற்றி ஒன்றே ஒன்று. இரண்டு பாஸ்போர்ட்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் போலீஸ் புகாரின் நகல் வேண்டும், அது இருந்தால்தான் மாற்று ஆவணத்துக்கு ஆகும் செலவைப் பாலிசி கொடுக்கும்.

இப்போது இருவருக்கும் ஒரே பாலிசியா என்ற கேள்வி. தனித்தனியாக எடுங்கள். உங்கள் பிரீமியத்தைப் பட்டறைக் கணக்கில் எழுதுவீர்கள், அம்மாவுடையது வீட்டுச் செலவு. ஆடிட்டருக்கும் அதுதான் வசதி. உங்கள் சர்க்கரைக்கான நிபந்தனைகளும் அம்மாவின் பாலிசியைத் தொடாமல் இருக்கும். யாராவது பட்டறையின் பெயரில் கார்ப்பரேட் பயண பாலிசி என்று கொண்டுவந்தால், அதில் மனைவி சேர்வாரா, வேலை முடிந்த பிறகான சுற்றுலா நாட்கள் சேருமா என்று கேளுங்கள். சிலவற்றில் அந்த நாட்களுக்கு வரம்பு இருக்கும். வருடத்துக்கு மூன்று நான்கு முறை வெளிநாடு போவதாக இருந்தால் வருடாந்திர பாலிசி லாபம். இப்போதைக்கு ஒற்றைப் பயணத்துக்கு எடுத்தால் போதும்.

தேதி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 16 நாளுக்குச் சரியாக 16 நாள் என்று எடுக்காமல் மூன்று நாள் கூட்டியே எடுங்கள். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பல் பரவி ஐரோப்பாவின் பெரும்பகுதியில் ஏறக்குறைய ஒரு வாரம் விமானங்கள் பறக்கவில்லை. ஜெர்மனியில் விமான நிலைய வேலைநிறுத்தங்களும் அவ்வப்போது வரும். வேலைநிறுத்தம் என்று செய்தி வந்தபின் எடுக்கும் பாலிசி அதற்குப் பணம் தராது. எனவே டிக்கெட் எடுத்த வாரமே பாலிசியையும் எடுத்துவிடுங்கள். விசா கிடைக்காமல் போனால், கிளம்பாத பயணத்தின் பாலிசியை ரத்து செய்து சிறு பிடித்தத்தோடு பணத்தைத் திருப்பி வாங்கப் பெரும்பாலான நிறுவனங்களில் வழி இருக்கிறது. ஜெர்மனியிலிருந்தோ பிரான்ஸிலிருந்தோ கிளம்பும் விமானம் மணிக்கணக்கில் தாமதமானால், காரணம் எதுவாக இருந்தாலும் காத்திருக்கும் நேரத்துக்கு உணவும், இரவு தங்க நேர்ந்தால் அறையும் கொடுக்க வேண்டியது விமான நிறுவனத்தின் கடமை. இது ஐரோப்பியச் சட்டம். கவுண்டரில் தயங்காமல் கேளுங்கள். அழகர் இறங்கும் நாளுக்கு முந்தைய நாள் வந்து சேர்வது போல டிக்கெட் போட்டிருந்தால், இன்னும் இரண்டு நாள் முன்னால் நகர்த்த முடியுமா என்று பாருங்கள்.

நாளை காலை ஏஜென்டிடம் போய், அவர் சொல்லும் பாலிசியின் முழு வாசகத்தை அனுப்பச் சொல்லுங்கள். விளம்பரத் தாள் வேண்டாம். கையில் அது வந்ததும் பழைய நோய், கைவேலை, தொழில் பொறுப்பு, செல்லுபடியாகும் நாடுகள், இந்த நான்கு இடங்களைப் பென்சிலால் கோடிடுங்கள். சந்தேகம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், நானும் படித்துச் சொல்கிறேன். பிற்பாடு ஏதாவது கிளைமை நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் தீரவில்லை என்றால் சென்னையில் இருக்கும் காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. உண்மையை எழுதிக் கொடுத்தவருக்குத்தான் அங்கே பேச வாய் இருக்கும்.

கடைசியாக அம்மாவுக்கு ஒரு வேலை. மயங்கிக் கிடக்கிறவர் போன் பேச முடியாது. கேஷ்லெஸ் (மருத்துவமனை பில்லைக் காப்பீட்டு நிறுவனமே நேரடியாகக் கட்டுவது) வேண்டும் என்றால் மருத்துவமனையில் சேர்வதற்கு முன்போ, சேர்ந்த 24 மணி நேரத்துக்குள்ளோ உதவி மையத்தைக் கூப்பிட வேண்டும் என்று பல பாலிசிகளில் நிபந்தனை இருக்கிறது. அதனால் ஒரு சின்ன அட்டையில் பாலிசி எண், உதவி மையத்தின் 24 மணி நேர எண், நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் மருந்துப் பெயரும் அளவும், ஐரோப்பா முழுவதற்குமான அவசர எண் 112, லண்டன் மருமகப்பிள்ளையின் எண் எல்லாவற்றையும் எழுதி அம்மாவின் கைப்பையில் வையுங்கள். அதே எண்களை அவர் போனிலும் தமிழில் பெயர் போட்டுச் சேமித்துக் கொடுங்கள். கிளம்புவதற்கு முன் ஒரு நாள் சாயங்காலம் அவரையே அந்த உதவி மையத்தைக் கூப்பிட்டு, பாலிசி எண்ணைச் சொல்லிப் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். தமிழில் பேச ஆள் கிடைக்குமா என்றும் அப்போதே கேட்டுவிடட்டும். அட்டையின் ஒரு நகல் லண்டனுக்கும், இன்னொன்று கப்பலூரில் உங்கள் கணக்குப்பிள்ளையின் மேஜைக்கும் போகட்டும்.